ஒரு ஆள், ஐந்து அக்கவுண்ட்: மல்டிபாக்ஸிங் வந்த கதை

ஜவ்வாது மலையின் முக்கியமான பயிர்களில் ஒன்று சாமை. அறுத்த கதிரைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, நாலைந்து மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றில் பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்க விடுவது பழைய வழக்கம். பிணையல் ஓட்டுவது என்று இதற்குப் பெயர். ஓட்டுகிறவர் ஒரே ஆள், கையில் ஒரே குச்சி. உள்பக்கம் நிற்கிற மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும், வெளி ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாகப் போகும். ஒரு அதட்டலுக்கு ஐந்தும் நகரும். இருபது கால்கள் மிதிக்க தானியம் தனியாக உதிர்ந்துவிடும்.

ஒரே ஆள் பலவற்றை ஒரே நேரத்தில் நடத்துவதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு மாதிரியும் உண்டு. அது அவதானம். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் எதிரில் சதுரங்கம் ஆடுவார், இன்னொருவர் முதுகில் சின்னக் கல்லைப் போட்டுக்கொண்டே இருப்பார். அவதானி எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, கடைசியில் எத்தனை கல் விழுந்தது என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களுக்கு இப்படி ஈடுகொடுத்து, சதாவதானி என்று பெயர் வாங்கினார்.

இரண்டிலும் ஒரு ஆள்தான், பல வேலைதான். ஆனால் பிணையலில் ஒரே கட்டளை ஐந்தாகப் பிரிகிறது. அவதானத்தில் நூறு வேலைக்கும் நூறு தனிக் கவனம். ஆன்லைன் விளையாட்டு உலகத்தில் மல்டிபாக்ஸிங் என்கிற விஷயத்தைச் சுற்றி இருபது வருஷத்துக்கு மேல் நடந்த சண்டை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான். சண்டை போட்டவர்களுக்கு அது புரியவே ரொம்ப நாள் ஆனது என்பது வேறு விஷயம்.

மல்டிபாக்ஸிங் என்றால் ஒரே ஆள் ஒரே கேமில் ஒன்றுக்கு மேற்பட்ட அக்கவுண்ட்டைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆடுவது. 'பாக்ஸ்' என்பது கம்ப்யூட்டர் பெட்டியைக் குறிக்கும் கொச்சை வார்த்தை. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் நிஜமாகவே ஒரு பெட்டி தேவைப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பலர் சேர்ந்து ஆடும் உலகங்களின் ஆதி வடிவம் 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய 'மட்' என்கிற விளையாட்டு. படமே கிடையாது, எழுத்து மட்டும். அதன் வாரிசுகளாக வந்த நூற்றுக்கணக்கான மட்களில் ஒரே ஆள் இரண்டு கேரக்டரோடு உள்ளே நுழைவது வழக்கமானது. பல மட்களில் அதற்குத் தடையும் இருந்தது. ஆனால் அங்கே ஆட்டம் இலவசம், கூட்டமும் சின்னது, நடத்துகிறவர் கண்டுபிடித்துத் திட்டினால் விஷயம் முடிந்தது.

திருப்பம் 1999 மார்ச்சில் எவர்குவெஸ்ட் வந்தபோது ஏற்பட்டது. மாதாமாதம் பத்து டாலர் அளவுக்குச் சந்தா கட்டி ஆடும் முப்பரிமாண உலகம் அது. அதில் பெரும்பாலான கேரக்டர்களால் கொஞ்சம் மேலே போனதும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் நின்று அடி வாங்க ஒருவர் வேண்டும், காயத்தை ஆற்ற ஒரு குரு வேண்டும், எதிரியை மயக்கி நிறுத்த ஒரு மந்திரவாதி வேண்டும். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு குழு. அந்த ஆறு பேர் சேருவதற்குள் மணிக்கணக்காகும். வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஆடலாம் என்று உட்காருகிறவர், குருவைத் தேடியே அந்த இரண்டு மணி நேரத்தையும் தொலைப்பார்.

அதற்குச் சிலர் கண்ட வழி எளிமையானது. குரு கிடைக்கவில்லையா? இன்னொரு அக்கவுண்ட் வாங்கி நாமே குருவாகிவிடுவது! பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டர், இன்னொரு கீபோர்டு. வலது கையால் சண்டை, இடது கையால் வைத்தியம். எவர்குவெஸ்ட் அப்போது திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், வேறு ஜன்னலுக்குத் தாவ விடாது. அதனால்தான் இரண்டு பெட்டி கட்டாயம். பிறகு வெளியாட்கள் எழுதிய ஒரு சின்ன நிரல் கேமை ஜன்னலுக்குள் ஓட வைத்தது. அதற்கப்புறம் ஒரே பெட்டியில் இரண்டு ஆடலாம் என்றாகிவிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தக் கட்டத்தில் எல்லாமே அவதானம்தான். இரண்டு கை, இரண்டு கீபோர்டு, இரண்டு புத்தி. தப்பு நடந்தால் இரண்டு கேரக்டரும் சேர்ந்தே சாகும்.

2004 நவம்பர் 23-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. சந்தா மாதம் சுமார் 15 டாலர், ஒரு குழுவில் ஐந்து பேர். ஐந்து அக்கவுண்ட் வைத்திருந்தால் மாதம் 75 டாலர். நம்மூர்க் கணக்கில் அன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் கேமுக்கு! ஆனாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டினார்கள். காரணம், இந்தக் கேமில் பிணையல் கட்டுவதற்கு வேண்டிய கயிறு ஏற்கெனவே உள்ளே இருந்தது.

ஒன்று 'ஃபாலோ' கட்டளை. ஒரு கேரக்டரை இன்னொன்றின் பின்னால் தானாக நடக்கச் சொல்லலாம். இரண்டாவது 'அசிஸ்ட்'. தலைவன் யாரைக் குறி வைத்திருக்கிறானோ அவனையே மற்றவர்களும் குறி வைப்பார்கள். மூன்றாவது மேக்ரோ, அதாவது சில கட்டளைகளை ஒரே பொத்தானுக்குள் எழுதி வைத்துக்கொள்வது. இந்த மூன்றையும் சேர்த்தால் மீதி ஒன்றுதான் பாக்கி. ஒரு கீயைத் தட்டினால் அது ஐந்து ஜன்னலுக்கும் போக வேண்டும்.

அதைச் செய்யத்தான் மென்பொருள்கள் வந்தன. காசுக்குக் கீகுளோன், இலவசமாக ஹாட்கீநெட், பிறகு இன்னர் ஸ்பேஸ் என்கிற மென்பொருளின் மேல் கட்டப்பட்ட ஐ.எஸ்.பாக்ஸர். இவை வேலை செய்யும் விதம் ஒன்றும் மாயமில்லை. சாதாரணமாக ஒரு கீயைத் தட்டினால் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்கு மட்டும் விண்டோஸ் அந்தச் செய்தியை அனுப்பும். இந்த மென்பொருள் நடுவில் உட்கார்ந்து அந்தத் தட்டலைப் பிடித்து, பின்னால் இருக்கும் மற்ற நான்கு ஜன்னல்களுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கும். தனித்தனிக் கம்ப்யூட்டர் என்றால் நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும். பிராட்காஸ்டிங் என்று இதற்குப் பெயர்.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் நாள் முயன்றவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். நடக்கும் கீயையும் ஐந்து ஜன்னலுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஐந்து பேரும் ஒரே திசை பார்த்து நிற்பதில்லை, ஒவ்வொரு ஜன்னலும் ஒரே வேகத்தில் ஓடுவதும் இல்லை. பத்து அடி போவதற்குள் ஒருவன் சுவரில் முட்டுவான், ஒருவன் பாலத்திலிருந்து விழுவான். அதனால் நடை சம்பந்தப்பட்ட கீகளை மட்டும் நகல் எடுக்காமல் விலக்கி வைத்து, தலைவனை மட்டும் நடத்தி மற்றவர்களை ஃபாலோவில் விடுவது எழுதப்படாத விதியானது. களத்தில் மாட்டுக்குக் கயிறு எதற்கோ, அதற்குத்தான் ஃபாலோ.

இரண்டாவது விபத்து இன்னும் வேடிக்கை. அரட்டைப் பெட்டியைத் திறந்து ஏதாவது எழுதினால் ஐந்து பேரும் ஒரே குரலில் அதையே சொல்வார்கள். அதனால் அரட்டை அடிக்கும்போது பிராட்காஸ்ட்டை நிறுத்தி வைக்க ஒரு தனிக் கீ. பின்னால் ஓடும் ஜன்னல்களின் படவேகத்தைக் குறைத்து வைப்பது, எல்லாக் கேரக்டருக்கும் ஒரே எண்ணில் ஒரே மாதிரி மந்திரத்தை வைப்பது, தலைவன் செத்துப்போனால் அடுத்தவனை உடனே தலைவனாக்கும் மேக்ரோ எழுதி வைப்பது என்று ஒரு பெரிய கைவேலையே வளர்ந்துவிட்டது. ஆட உட்காருவதற்கு முன் ஒரு வாரம் அமைப்பு வேலையிலேயே போகும். மல்டிபாக்ஸர்களை வெறும் சோம்பேறிகள் என்று சொல்வது அவ்வளவு நியாயமில்லை.

ஐந்து ஷாமன்களை ஒன்றாக நிறுத்தி, ஒரே தட்டலில் ஐந்து மின்னலையும் ஒரு ஆள்மேல் இறக்குவது அந்தக் காலத்தில் பிரபலமான வித்தை. வாங்குகிறவருக்கு என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கதை முடிந்துவிடும். புகார் கடிதங்கள் குவிந்தன. பிளிஸ்ஸார்டு நிறுவனத்தின் பதில் பல வருஷம் ஒன்றாகவே இருந்தது. ஆளே இல்லாமல் ஆடும் 'பாட்' தடை, ஒரு மனிதன் உட்கார்ந்து தட்டும் மல்டிபாக்ஸிங் தடை இல்லை. பாட் விஷயத்தில் அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். தானாக ஆடும் கிளைடர் என்ற நிரல் லட்சம் பிரதி அளவுக்கு விற்றிருந்தது. அதைச் செய்த எம்.டி.ஒய். நிறுவனத்துக்கும் பிளிஸ்ஸார்டுக்கும் நடந்த வழக்கில் 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மல்டிபாக்ஸர்மேல் மட்டும் ஏன் இந்தக் கரிசனம்? ஐந்து சந்தா! 2008-ல் நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் மூன்று மடங்கு அனுபவப் புள்ளி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நண்பரே இல்லாதவர்கள் தங்களையே 'நண்பராக' இன்னொரு அக்கவுண்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். :-) ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் இன்னும் வெளிப்படை. 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டுக்கு இரண்டாவது அக்கவுண்ட்டைத் தள்ளுபடியில் விற்க 'இரண்டின் சக்தி' என்ற அர்த்தத்தில் விளம்பரமே செய்தது.

இந்தியாவில் இந்த அலை பெரிதாக வரவில்லை. சந்தா கட்ட வெளிநாட்டில் செல்லும் கிரெடிட் கார்டு வேண்டும், வீட்டு இணைய வேகமும் போதாது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்ததே 2005-ல். பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவதுதான் நம் ஊர் ஆன்லைன் கேம். 2000-களின் நடுவில் கொரியாவின் ராக்னராக் ஆன்லைன் அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வந்தபோது இரட்டை அக்கவுண்ட் பழக்கமும் கூடவே வந்தது. அந்தக் கேமில் வியாபாரி கேரக்டர் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கேம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றைக் கடையில் உட்கார வைத்துவிட்டு இன்னொன்றில் வேட்டைக்குப் போவது அங்கே சகஜம்.

நிஜமான பிரச்சனை மின்னலில் தொடங்கவில்லை, பணத்தில் தொடங்கியது. கேமுக்குள் சேர்க்கும் தங்கத்தை வெளியே நிஜக் காசுக்கு விற்கும் தொழில் 2000-களில் பெரிதாக வளர்ந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008-ல் போட்ட கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் நான்கு லட்சம் பேர் இதில் வேலை செய்தார்கள், பெரும்பாலும் சீனாவில். பத்து வருஷம் கழித்து வெனிசுலாவில் பணவீக்கம் தலைக்குமேல் போனபோது ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று வயிறு கழுவியவர்களும் உண்டு. இவர்களுக்கு இரண்டாவது அக்கவுண்ட் பொழுதுபோக்கல்ல, இரண்டாவது கூலி.

ஈவ் ஆன்லைனில் கேமுக்குள் சம்பாதித்த பணத்தைக் கொண்டே சந்தா நாட்களை வாங்கலாம். அதாவது பத்து கப்பல்களை ஒரே கீயில் சுரங்கம் தோண்ட விட்டால், அந்தப் பத்தும் தங்கள் சந்தாவைத் தாங்களே கட்டிக்கொள்ளும். பதினொன்றாவதை ஏன் வாங்கக் கூடாது? இப்படியே போய், ஒரே ஆள் ஒரு முழுக் கப்பல் படையை ஓட்டுவது சாதாரணமானது. ஒரு கல்லை நம்பித் தனியாகத் தோண்ட வந்தவர் கண் முன்னால் ஒரு படை வந்து இறங்கி மொத்தத்தையும் சுரண்டிக்கொண்டு போகும். சந்தையில் கனிமத்தின் விலையும் அந்தப் படைக்காரர் கையில்.

2014 நவம்பர் கடைசியில் சி.சி.பி. அறிவித்தது: 2015 ஜனவரி 1 முதல் ஒரு கீயைப் பல கேமுக்கு நகல் எடுப்பது தடை. பல அக்கவுண்ட் வைத்திருக்கலாம், ஜன்னல்களை மென்பொருளால் அடுக்கி வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு தட்டல் வேண்டும். அதாவது அவதானம் சரி, பிணையல் கூடாது. விளம்பரம் செய்து இரண்டாவது அக்கவுண்ட்டை விற்ற அதே நிறுவனம்தான்!

அதே 2015 டிசம்பரில் எவர்குவெஸ்ட் வேறு மாதிரி ஒரு வேலை செய்தது. ஃபினிகெல் என்ற புது சர்வரில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கேம்தான் ஓடும் என்று மென்பொருளிலேயே பூட்டு போட்டார்கள். 'ட்ரூபாக்ஸ்' என்று அதற்குப் பெயர். ஆறு பேரை ஓட்ட வேண்டுமா? ஆறு கம்ப்யூட்டர் வாங்கு. பதினாறு வருஷம் சுற்றி, பெட்டி மறுபடி நிஜப் பெட்டியானது. சிலர் உண்மையிலேயே பழைய லேப்டாப்களை வாங்கி மேஜையில் வரிசையாக வைத்து ஆடினார்கள்.

வார்கிராஃப்ட் கடைசி வரை இழுத்தது. 2013-ல் போர்க்களங்களில் ஃபாலோ கட்டளையைச் செயலிழக்க வைத்து ஷாமன் படைகளின் காலை உடைத்ததோடு நின்றது. பிறகு வந்த பதிப்புகளில் ஒரு செடியைப் பலர் தனித்தனியாகப் பறிக்கலாம் என்று மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான், ஒருவர் பறித்த செடிக்கு இன்னொருவர் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் பறவையாக மாறிப் பறக்கும் பத்து ட்ரூயிட்களை ஒரே ஆள் ஓட்டினால் ஒரே செடியில் பத்து மடங்கு மூலிகை. வானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பறக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்க்காத ஆட்டக்காரர் அன்றைக்கு இல்லை. மூலிகை விலை சரிந்தது. அதைப் பறித்து விற்றே தன் செலவைப் பார்த்துக்கொண்ட ஒற்றை ஆட்டக்காரருக்கு ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு குறைந்துபோனது. மின்னல் அடித்துக் கொன்றபோது வந்த கோபத்தைவிட இந்தக் கோபம் ஆழமானது.

2020 நவம்பரில், புதிய ஷேடோலாண்ட்ஸ் பதிப்பு வருவதற்குச் சில வாரம் முன்பு, பிளிஸ்ஸார்டும் பிராட்காஸ்டிங் மென்பொருளைத் தடை செய்தது. பாட்களுக்கும் தானியங்கி ஆட்டத்துக்கும் அது துணை போகிறது என்பது சொன்ன காரணம். முதலில் எச்சரிக்கை, தொடர்ந்தால் அக்கவுண்ட் முடக்கம். பல அக்கவுண்ட் வைத்திருப்பதற்கு மட்டும் தடை இல்லை (அந்தச் சந்தாவை யார் விடுவார்கள்!).

ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த மல்டிபாக்ஸர்களுக்கு இது பெரிய அடி. அவர்களில் விரல் வலியாலோ உடல் குறையாலோ வேகமாகத் தட்ட முடியாதவர்களும் இருந்தார்கள், கூட்டத்தோடு ஆடக் கூச்சப்பட்டவர்களும் இருந்தார்கள். பதினைந்து வருஷம் சரி என்று சொல்லி ஐந்து சந்தா வாங்கிவிட்டு ஒரே நாளில் தப்பு என்றது அவர்கள் பார்வையில் நம்பிக்கைத் துரோகம்தான். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் மூலிகைக்காரரின் குறையும் அதே அளவு நியாயமானது என்பதால்தான் இந்த விஷயம் இத்தனை வருஷம் இழுத்தது.

மொபைல் வந்த பிறகு கதை இந்தியாவுக்கு நெருங்கி வந்தது. ரோசன் சர்மாவும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் தொடங்கிய புளூஸ்டாக்ஸ், ஆண்ட்ராய்டு கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைத்தது. பிறகு அதிலேயே பல 'போன்'களை ஒரே திரையில் திறக்கும் வசதியும், ஒன்றில் செய்வதை மற்றவற்றிலும் செய்யும் வசதியும் வந்தன. சந்தாவும் இல்லை, கிரெடிட் கார்டும் இல்லை. ஒரு வாரம் மேக்ரோ எழுதிய அந்தக் காலத்து ஆள் பார்த்தால் பெருமூச்சு விடுவார், இன்றைக்கு இரண்டு கிளிக்கில் பிணையல் கட்டிவிடலாம். கட்டலாமா என்பது அந்தந்தக் கேமின் விதியைப் பொறுத்தது.

நிஜப் பணம் புழங்கும் மேஜையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ரம்மியில் ஒரே ஆள் இரண்டு பெயரில் உட்கார்ந்தால் இரண்டு கை சீட்டும் அவருக்குத் தெரியும், எதிரில் இருப்பவர் தோற்கப் பிறந்தவர். தமிழ்நாடு அரசின் 2025 பிப்ரவரி ஒழுங்குமுறைகள் பணம் வைத்து ஆடுகிறவருக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின, அதே ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. அடுத்த இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பழைய மல்டிபாக்ஸர்கள் சொல்வது, ஐந்தில் தொடங்காதே, இரண்டில் தொடங்கு. முதலில் கேமின் விதிப் பக்கத்தில் பல அக்கவுண்ட் பற்றியும் பிராட்காஸ்டிங் பற்றியும் தனித்தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று பார். ஒன்றுக்கு அனுமதி இருந்தால் மற்றதற்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிறகு ஒரு சண்டைக்காரன், ஒரு குரு. சண்டைக்காரன் பெரிய ஜன்னலில், குரு ஓரத்தில் சின்ன ஜன்னலில். ஃபாலோவை மட்டும் வைத்துக்கொண்டு, ஜன்னல் மாற ஒரே ஒரு கீயை ஒதுக்கி, மந்திரத்தைக் கையாலேயே தட்டு. குரு பாலத்திலிருந்து விழாமல் ஒரு மாலைப்பொழுது ஓட்ட முடிந்தால் மூன்றாவது அக்கவுண்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.